சாத்தனேரியில் பாதி வெடித்த குண்டு

சாத்தனேரிப் பேரூராட்சியின் மேல் அணுகுண்டு விழுந்தது ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் இரண்டே முக்கால் மணிக்கு. எந்த நாடு போட்டது என்று எந்த நாடும் ஒப்புக்கொள்ளவில்லை. பதினைந்து வார்டும் ஒரு பேருந்து நிலையமும் மட்டுமே உள்ள ஊரின் மேல் குண்டு போட்டோம் என்று சொல்லிக்கொள்ள வல்லரசுகளுக்கே கூச்சமாக இருந்திருக்கும். குண்டு விழுந்தது, வெடித்தது, ஆனால் முழுசாக வெடிக்கவில்லை. பேருந்து நிலையத்தை ஒட்டி நிற்கும் குடிநீர்த் தொட்டிக்கு மேலே, இரண்டு பனை உயரத்தில், ஒரு பெரிய வைக்கோல்போர் அளவுக்கு வெடித்தபின் அது அப்படியே நின்றுவிட்டது. வெள்ளையாக, கொஞ்சம் மஞ்சளாக, விளிம்பில் ஊதாவாக, மிச்சத்தை வெடிக்காமல் அந்தரத்தில் நின்றது.

முதல் ஒரு மணி நேரம் ஊர் ஓடியது. புறவழிச்சாலைப் புளியமரங்கள் வரைக்கும் ஓடி, திரும்பிப் பார்த்து, அது இன்னும் அங்கேயே நிற்பதைக் கண்டு, இன்னும் கொஞ்சம் ஓடி, மூச்சு வாங்கி, மணி ஐந்தானதும் பால் கறக்க வேண்டுமே, ரேஷன் கடையில் இன்று சர்க்கரை போடுகிறார்களே, வீட்டைப் பூட்டினோமா இல்லையா என்று ஒவ்வொருவராக நினைவு வந்து, ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். ஆறரை மணிக்கு வழக்கம்போல மின்சாரம் போனது. அப்போதும் ஊர் பட்டப்பகலாக இருந்தது. அதோடு பயம் பாதி போய்விட்டது. இலவசமாக வந்த எதையும் சாத்தனேரி அதுவரை திருப்பி அனுப்பியதில்லை.

வெள்ளிக்கிழமைக்குள் அப்பளக் கம்பெனிக்காரர்கள் தொட்டியைச் சுற்றி ஓலைப்பாய் விரித்து அப்பளம் காயப்போட்டார்கள். ஒரு மாதத்தில் தெருவிளக்குகளைக் கழற்றிக்கொண்டு போனார்கள். நடத்துநர்கள், "குண்டு ஸ்டாப்பெல்லாம் எறங்கு" என்று கூவப் பழகினார்கள். மனைக்காரர்கள், குண்டு பார்த்த வாசல் என்று சொல்லி, கருவேலம் முளைத்த காட்டை விற்றார்கள். மூட்டுவலிக்காரர்கள் பக்கத்து மாவட்டத்திலிருந்து வேன் பிடித்து வந்து அதன் அடியில் முழங்காலைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். வலி குறைந்தது என்று சத்தியம் செய்தார்கள். சேவல்கள் எப்போது கூவுவது என்று தெரியாமல் எப்போதும் கூவின. பேரூராட்சித் தலைவர் வேலாயுதபெருமாள், தான் மூன்று வருஷமாக மேலிடத்தில் மன்றாடியதன் பலன் என்று அதையும் ஒரு கூட்டத்தில் சொல்லிவைத்தார், கேட்டவர்கள் கைதட்டினார்கள்.

முடி கொட்டத் தொடங்கியபோது தண்ணீர் சரியில்லை என்றார்கள். ஷாம்பு சரியில்லை என்றார்கள். கறிவேப்பிலை அரைத்துத் தடவினார்கள். ஊரில் பாதிப் பேர் மொட்டையானதும், குலதெய்வத்துக்குக் கொடுத்தது என்று ஒருவரிடம் ஒருவர் பொய் சொன்னார்கள். கேட்டவரும் மொட்டை என்பதால் மேற்கொண்டு விசாரிக்கவில்லை. சலூன்காரர் கடையை மூடிவிட்டு அதே இடத்தில் தொப்பி விற்றார். வாந்தி வந்தால் பரோட்டாவைச் சொன்னார்கள், ஈறில் ரத்தம் வந்தால் பிரஷ்ஷைச் சொன்னார்கள், கர்ப்பம் கலைந்தால் மருமகளைச் சொன்னார்கள். மேலே நிற்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. அது நின்றுவிட்டதே, நின்றுவிட்டது என்ன செய்யும் என்பதே ஊரின் வாதம்.

ஐந்தாம் வார்டில் ஆவுடைத்தாய் என்று ஒருத்தி இருந்தாள். பேரூராட்சியில் ஒப்பந்தக் கூலிக்கு, வீடு வீடாகப் போய்க் கொசுப்புழு பார்ப்பது அவள் வேலை. டார்ச் விளக்கை வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குள் அடித்துப் பார்த்து, புழு இருந்தால் மருந்தை ஊற்றி, சுவரில் சாக்பீஸால் தேதி போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவாள். நானூற்றுப் பன்னிரண்டு வீடு. எந்த வீட்டில் எத்தனை பேர், யாருக்கு என்ன வயது, யார் யாரோடு பேச்சு இல்லை என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். புருஷன் இசக்கிப்பாண்டி திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். மகள் சிவரஞ்சனிக்குப் பத்து வயது. பள்ளிக்கூடம் குடிநீர்த் தொட்டிக்கு நேர் கிழக்கே இருந்தது.

ஒரு திங்கட்கிழமை காலை மகளுக்குத் தலைவாரும்போது சீப்போடு ஒரு கொத்து முடி வந்தது. வேரோடு, வலிக்காமல், நாற்றுப் பறிப்பதுபோல வந்தது. ஆவுடைத்தாய் அதைச் சுருட்டி முந்தானையில் முடிந்துகொண்டு வேலைக்குப் போனாள். அன்று போன வீடுகளில், இந்த ஊரை விட்டுக் கொஞ்ச நாள் எங்கேயாவது போனால் என்ன என்று கேட்டுப் பார்த்தாள். அவர்கள் அவளை வீட்டுத் தொட்டியண்டை கூட்டிப்போய், அவளுடைய டார்ச்சையே வாங்கி உள்ளே அடித்து, துள்ளிக்கொண்டிருந்த புழுக்களைக் காட்டினார்கள். இத்தனூண்டு புழுவே சாகவில்லை, நமக்கு என்ன வந்தது என்றார்கள். நாற்பது வீட்டில் நாற்பது பேரும் அதையே சொன்னார்கள்.

சாத்தனேரிக்காரன் முட்டாள், அவன் அப்படித்தான் பேசுவான் என்று விட்டுவிடலாம். ஆனால் டெல்லியிலிருந்து வந்த குழுவும் அதையேதான் சொன்னது. என்ன, அறுபது பக்கத்தில் சொன்னது. ஊரைக் காலி செய்ய வேண்டுமா, வேண்டாமா என்று முடிவு செய்ய வந்த குழு அது. ஏழு பேர், மூன்று ஜீப். அணுகுண்டு போட்டாலும் கரப்பான் பூச்சி சாகாது என்று உலகமே சொல்கிறது, ஆகவே கரப்பானையே வைத்துப் பார்த்துவிடுவோம் என்று அமைச்சர் விரும்பியதாகவும், நூறு கரப்பான்களைக் கம்பி வலைக் கூண்டில் அடைத்து வெடிப்புக்குக் கீழே முப்பது நாள் தொங்கவிட்டு, அவை பிழைத்தால் மக்கள் இருக்கலாம், செத்தால் மக்கள் கிளம்பலாம் என்று தீர்மானித்திருப்பதாகவும் அறிவித்தார்கள். ஊர் இதை மிகவும் நியாயமான ஏற்பாடு என்று கருதியது. கரப்பானுக்குத் தாங்குவது மனிதனுக்குத் தாங்குமா என்று ஒரு ஆள்கூட எழுந்து கேட்கவில்லை. வேலாயுதபெருமாள் மட்டும் எழுந்து, கரப்பான்கள் உள்ளூர்க் கரப்பான்களாக இருக்க வேண்டும் என்று கோரிக்கை வைத்தார்.

பூச்சியோடு புழங்குகிறவள் என்பதால் கூண்டைப் பார்த்துக்கொள்ளும் வேலை ஆவுடைத்தாய்க்கு வந்தது. காலையும் மாலையும் ஏணியில் ஏறி, கூண்டைக் கயிற்றால் இழுத்து, ரொட்டித்தூளும் ஈரப்பஞ்சும் வைத்து, செத்ததை எடுத்துத் தகர டப்பாவில் போட்டு, நோட்டில் எழுத வேண்டும். நூறில் அறுபது வளர்ந்தவை, நாற்பது இறக்கை முளைக்காத குஞ்சுகள். வளர்ந்தவை மீசையை ஆட்டிக்கொண்டு, ஏதோ சொந்த வீட்டு மாடியில் நிற்பதுபோல நின்றன. குஞ்சுகளும் முதலில் நன்றாகத்தான் இருந்தன. நாலாம் நாள் ஒரு குஞ்சு சட்டை உரித்தது. அரிசி மாதிரி வெள்ளையாக வெளியே வந்து, பழுப்பு ஏறாமலே, மறுநாள் செத்துக் கிடந்தது. அடுத்த வாரம் ஒன்பது உரித்தன, ஒன்பதும் செத்தன. இருபத்தாறாம் நாளுக்குள் நாற்பதும் போய்விட்டன. ஒவ்வொன்றும் சட்டை உரித்த கையோடுதான் போனது. வளர்ந்தவற்றில் இரண்டே இரண்டு செத்திருந்தன.

குழுவின் தலைவர் முனைவர் கோதண்டபாணி. மெல்லப் பேசுகிறவர், எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்க்காமல் பேசுகிறவர். அவர் ஜீப்பை விட்டு அதிகம் இறங்கியதில்லை. ஆவுடைத்தாய் நோட்டையும் டப்பாவையும் கொண்டுபோய் அவரிடம் காட்டினாள். அவர் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார். அவருக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. அதுதான் அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. காரணம் கேட்டாள்.

"பூச்சி எப்பவாவதுதாம்மா வளரும்," என்றார் அவர். "சட்டை உரிக்கிற சமயம்தான் அதோட உடம்புல புதுசா எல்லாம் உண்டாகும். மத்த நாள்ல கதவைச் சாத்திட்டு இருக்கிற மாதிரி. கதிர் பட்டாலும் பெருசா ஒண்ணும் ஆகாது. திறந்திருக்கிற அந்த ரெண்டு நாள்ல பட்டா முடிஞ்சுது."

"மனுசனுக்கு எப்ப சார் திறந்திருக்கும்?"

"மனுசனுக்குச் சாத்துறதே கிடையாது. ரத்தம், குடல், முடி எல்லாம் தினமும் புதுசா உண்டாகுது. பிள்ளைங்களுக்கு இன்னும் வேகம்."

அவள் முந்தானை முடிச்சைத் தொட்டுக்கொண்டு நின்றாள். அவர் தன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போனார். கரப்பானைப் பெரிய வீரன் என்று சொல்வதே தவறாம். மாவில் விழுகிற சின்ன வண்டு அதைப்போலப் பல மடங்கு தாங்குமாம். வண்டை வைக்கலாம் என்றுதான் அவர் எழுதினாராம், ஜனங்களுக்குக் கரப்பானைத்தான் தெரியும் என்று மேலே சொல்லிவிட்டார்களாம். மேலும், இதெல்லாம் கதிருக்குத்தான். முழுசாக வெடித்தால் அந்தச் சூட்டில் கரப்பானும் இல்லை, வண்டும் இல்லை.

"அதுதான் நின்னுட்டே சார்."

"நிக்கலம்மா," என்றார் கோதண்டபாணி. "மெதுவாப் போகுது. நாங்க வந்த நாள்ல இருந்து அளந்துட்டுத்தான் இருக்கோம்."

இதைச் சொல்லிவிட்டு அவர் பேனாவை எடுத்து, வளர்ந்த கரப்பான்களில் தொண்ணூற்றாறு சதவீதம் நலம் என்று எழுதினார். குஞ்சுகள் முழு வளர்ச்சி அடையாதவை ஆதலால் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படவில்லை என்று கீழே சின்ன எழுத்தில் எழுதினார். அவர் கெட்டவர் இல்லை என்று பின்னால் பலரும் சொன்னார்கள். அவருடைய கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதும் உண்மைதான்.

ஆவுடைத்தாய் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து யோசித்தாள். சொன்னால் கேட்கிற ஊர் இல்லை. நாற்பது வீட்டில் சொல்லிப் பார்த்தாயிற்று. இந்த ஊர் ஒரு கரப்பான் சொன்னால்தான் கேட்கும் என்றால், கரப்பானே சொல்லட்டும் என்று முடிவு செய்தாள். முப்பதாம் நாள் காலை, அமைச்சர் வருவதற்கு மூன்று மணி நேரம் இருக்கும்போது, ஏணியில் ஏறி, ரொட்டித்தூளில் கரப்பான் மருந்தைப் பிசைந்து கூண்டுக்குள் வைத்தாள். வாழ்நாளில் ஆயிரம் பூச்சிகளைக் கொன்றவள்தான். ஆனாலும் அன்றைக்கு ஏணியை விட்டு உடனே இறங்காமல் பார்த்துக்கொண்டு நின்றாள். அவை ஐம்பத்தெட்டும் அவள் கையை அடையாளம் கண்டு முன்னால் வந்து தின்றன.

பதினோரு மணிக்கு மேடை, பந்தல், ஒலிபெருக்கி. ஊரே மொட்டைத் தலையோடு கூடியிருந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கு அட்டையில் மீசை செய்து ஒட்டி, கரப்பான் நடனம் ஏற்பாடு செய்திருந்தார் தலைவர். சிவரஞ்சனியும் அதில் இருந்தாள். ஆடி முடிந்ததும் கூண்டை இறக்கினார்கள். ஐம்பத்தெட்டும் மல்லாந்து கிடந்தன.

 ஆவுடைத்தாய் ஓரமாக நின்று பார்த்தாள். இப்போது ஓடுவார்கள், இப்போது ஓடுவார்கள் என்று நினைத்தாள். முன்வரிசையில் ஒரு பெண் தன் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். பின்னால் யாரோ மோட்டார் சைக்கிளை உதைத்தார்கள். அவ்வளவுதான். அதற்குள் வேலாயுதபெருமாள் ஒலிபெருக்கியைப் பிடித்து, கரப்பான்கள் உறங்குகின்றன, விழாவின் அலுப்பு, பத்து நிமிஷம் பொறுங்கள் என்று அறிவித்தார். கூண்டைப் பந்தலுக்குப் பின்னால் கொண்டுபோனார்கள். பேரூராட்சி அலுவலகத்தின் பழைய பதிவேட்டு அறையில் கரப்பானுக்கா பஞ்சம்? பத்து நிமிஷத்தில் கூண்டு நிறைய, கொழுத்து, மினுமினுவென்று, ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டு வந்து சேர்ந்தன. எண்ணிப் பார்த்ததில் நூற்றுமூன்று இருந்தன. வைத்ததைவிட மூன்று அதிகம் என்று தலைவர் சொன்னபோது எழுந்த கைதட்டல் பத்து நிமிஷம் ஓயவில்லை. பிள்ளையை இடுப்பில் வைத்திருந்த பெண் அதை இறக்கிவிட்டாள். ஊர் இருக்கலாம் என்று அமைச்சர் அறிவித்தார். கோதண்டபாணி தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அன்று சாயங்காலப் பேருந்து கிளம்புவதற்குள், கையில் ஒரு பையோடு, ஆவுடைத்தாய் தன் வார்டில் எத்தனை கதவைத் தட்ட முடியுமோ அத்தனை கதவையும் தட்டினாள். கூண்டில் மருந்து வைத்தது தான்தான் என்றும் சொன்னாள், குஞ்சுகள் செத்ததையும் சொன்னாள், அது நிற்கவில்லை, மெதுவாகப் போகிறது என்பதையும் சொன்னாள். மருந்து வைத்தது மட்டும் அவர்கள் காதில் விழுந்தது. கஞ்சி வைத்துச் சோறு போட்டு வளர்த்த ஊருக்குத் துரோகம் செய்தவள் என்றார்கள். சிலர் காறித் துப்பினார்கள். வீரலட்சுமி என்று ஒரு கைக்குழந்தைக்காரி மட்டும், பேருந்து கிளம்புகிற நேரத்தில், மாமியாருக்குத் தெரியாமல் ஓடிவந்து ஏறிக்கொண்டாள். நானூற்றுப் பன்னிரண்டு வீட்டிலிருந்து புறப்பட்டது அந்த நாலு உயிர்தான்.

திருப்பூரில் சிவரஞ்சனிக்கு முடி முளைக்க எட்டு மாதம் ஆனது. ஈறில் ரத்தம் வருவது நின்று, மறுபடி வந்து, மறுபடி நின்றது. ஆஸ்பத்திரி வாசலிலேயே ஆவுடைத்தாய்க்கு ஒரு வருஷம் போனது. சாத்தனேரியிலிருந்து சேதி வரும்; அங்கே கரப்பானுக்குச் சிமெண்டில் சிலை வைத்ததாக, பிள்ளைகளுக்கு வீரகரப்பன் என்று பெயர் சூட்டுவதாக, வெளிச்சம் முன்னைக்கு இப்போது நன்றாக இருக்கிறது என்று ஊரே சந்தோஷப்படுவதாக வரும்.

இரண்டாம் வருஷம் பங்குனி மாதம், ஒரு மத்தியானம், அது மிச்சத்தையும் வெடித்து முடித்தது.

அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. சொல்ல ஆள் இல்லை.

ஆறு மாதம் கழித்து முனைவர் கோதண்டபாணி திருப்பூருக்கு ஆள் அனுப்பினார். வெடித்த இடத்தில் பூச்சிகள் ஏதேனும் பிழைத்திருக்கின்றனவா என்று உலகம் முழுவதும் கேட்கிறார்கள், கணக்கெடுக்க வேண்டும், தெருவும் வீடும் தெரிந்த ஆள் வேண்டும், ஐந்தாம் வார்டை வீடு வீடாகத் தெரிந்தவர் உன்னை விட்டால் யாரும் மிச்சம் இல்லை என்று அந்த ஆள் சொன்னான். இசக்கிப்பாண்டி போக வேண்டாம் என்று தடுத்தான். ஒரு தடவை பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்றாள். எதைப் பார்க்க என்று அவன் கேட்டபோது அவள் பையில் துணியை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

தலையிலிருந்து கால் வரை மூடும் ஒரு கனத்த உடுப்பைக் கொடுத்தார்கள். அது ஆறடி ஆளுக்குத் தைத்தது. ஒரு நாளைக்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல் உள்ளே இருக்கக் கூடாது. கோதண்டபாணியும் மற்ற ஆறு பேரும் வெகு தூரத்தில், கண்ணாடி ஏற்றிய வண்டிக்குள் இருந்துகொண்டார்கள். அவள் கையில் ஒரு கட்டுப் படிவம். வீட்டு எண், உயிருடன் காணப்பட்ட பூச்சிகள், இறந்து காணப்பட்ட பூச்சிகள், குறிப்பு என்று நாலு கட்டம் போட்டிருந்தது.

வீடு என்று ஒன்றும் இல்லை. தரை கண்ணாடி மாதிரி உருகி இறுகியிருந்தது. ஆனால் அவள் காலுக்குத் தெருக்கள் தெரிந்தன. எங்கே திரும்ப வேண்டும், எங்கே படியேற வேண்டும், எங்கே நாய்க்குப் பயந்து ஒதுங்க வேண்டும் என்று கால் தானாகவே போய் நின்றது. முதல் நாள் ஒன்றும் இல்லை. இரண்டாம் நாள் ஒன்றும் இல்லை. கரப்பான் இல்லை, வண்டு இல்லை, ஒரு ஈ இல்லை. ஒவ்வொரு கட்டத்திலும் பூஜ்யம் போட்டுக்கொண்டு வந்தாள்.

ஐந்தாம் நாள், வார்டின் மேற்கு எல்லையில், ஒரு எறும்புச் சாரி வந்துகொண்டிருந்தது. அவள் அது வந்த வழியே பின்னோக்கிப் போய்ப் பார்த்தாள். எல்லைக்கு அப்பால், வெகு தள்ளி, எரியாமல் தப்பிய ஒரு ஓடைக்கரையிலிருந்து புறப்பட்டு, காலியான ஊருக்குள் அது பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது. வண்டிக்குத் திரும்பி அதைச் சொன்னாள். கோதண்டபாணி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"உள்ளேதானே இருந்தது?"

"வெளிய இருந்து வருது சார். இப்பத்தான் வருது."

"நீ பார்க்கும்போது உள்ளே, உயிரோட. அவ்வளவுதாம்மா வேணும்."

மறுநாள் எல்லா நாளிதழ்களிலும் எறும்பு வந்தது. அணுகுண்டையும் வென்ற அற்புத உயிர் என்று போட்டார்கள். அடுத்த மாவட்டத்தில் ஒரு பேரூராட்சி எறும்புக்குச் சிலை வைக்கத் தீர்மானம் போட்டது.

அந்தச் சாயங்காலம் அவர்கள் கூடாரத்தில் அதைக் கொண்டாடிக்கொண்டிருந்தபோது, ஆவுடைத்தாய் ஒரு மூலையில் உட்கார்ந்து படிவங்களைத் திருப்பிப்போட்டு, பின்பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தாள். முதல் வீட்டிலிருந்து ஆரம்பித்தாள். வீட்டு எண் ஒன்று: சுடலைமணி, ஐம்பத்தொன்று. மனைவி பொன்னுத்தாய், நாற்பத்தாறு. மகன் ராஜகுமாரன், தையல் கடை. மகள் முத்துப்பேச்சி, பன்னிரண்டாம் வகுப்பு. எழுதிவிட்டு, கீழே இரண்டு வரி காலியாக விட்டு, அடுத்த தாளை எடுத்தாள். அவளைக் காறித் துப்பியவர்களையும் எழுதினாள். வீரலட்சுமியின் மாமியாரையும் எழுதினாள்.

கோதண்டபாணி வந்து, அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.  இதற்கெல்லாம் படிவத்தில் இடம் இல்லை என்றார். அவள் எழுதிக்கொண்டே இருந்தாள்.

"நடுநடுவே எதுக்கும்மா ரெண்டு வரி விட்டிருக்கே?" என்று கேட்டார்.

"நான் போனப்புறம் பொறந்த பிள்ளைங்க," என்றாள். "அதுங்க பேரு எனக்குத் தெரியாது. உங்க கணக்குல இருந்தா நீங்க நிரப்புங்க."

அவரிடம் அந்தக் கணக்கு இல்லை. அவள் பேனாவைத் தட்டி மையை இறக்கிக்கொண்டு, பதினேழாம் எண் வீட்டை எழுதத் தொடங்கினாள்.